ரோசா – ஊத் – கஸ்தூரி அத்தர் வாங்கியவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களே,

ரோசா, ஊத், கஸ்தூரி மூன்றும் சேர்ந்த எங்கள் அத்தரைப் போன மாதம் வாங்கிய சிலர் போத்தலோடு திரும்பி வந்தீர்கள். கடைச் சந்தடியில் அரைகுறையாகச் சொன்னதை ஆறுதலாக எழுதுவோம் என்றுதான் இந்த மடல்.

முதலில் எங்கள் பிழை. கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் பின்னேர வெயில் நேரே விழுந்திருக்கிறது. நாங்கள் கவனிக்கவில்லை. ஆவணியில் வவுனியா வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தட்டில் இருந்த போத்தல்களில் ரோசா கெட்டு, ஒரு புளிச்ச வாடை ஏறிவிட்டது. ஊத் சூட்டைத் தாங்கும், ரோசா தாங்காது. மூடியில் சிவப்பு நூல் கட்டியவை எல்லாம் அந்தத் தட்டில் இருந்தவை. பாதி பாவித்திருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் திரும்பி வந்தவை எல்லாம் கெட்டவை அல்ல. "மாட்டுக்கொட்டில் மணக்குது தம்பி" என்று ஒரு ஐயா போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் மூக்கில் பிழையில்லை. ஊத் என்பது அகில்தான். அந்த மரத்தின் வெள்ளைக் கட்டைக்கு மணமே கிடையாது. காயம் பட்ட இடத்தில் பூஞ்சணம் புகுந்தால், மரம் தன்னைக் காக்கக் கறுத்த பிசினை ஊறவிடும். மணம் அந்தப் பிசினில்தான் இருக்கிறது. அசாம் பக்கத்தில் கட்டையைச் சீவி, வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகே காய்ச்சி வடிப்பார்கள். கொட்டில் வாடை அந்த ஊறலில் வருவது. கையில் தடவிவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை பொறுங்கள். வாடை விலகி ரோசா மேலே வரும். அந்த ஐயாவின் போத்தலை எடுத்து வைத்திருக்கிறோம். அரை மணித்தியாலம் இருக்கிற மாதிரி வந்தால் நல்லது.

இந்த மரம் எங்கள் பாலை, முதிரைக் காடுகளில் இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கடத்தலில் பிடிபட்டதாகப் பத்திரிகையில் அடிக்கடி வரும் வல்லப்பட்டை இதற்குச் சொந்தக்கார மரம், தென்மேற்கின் மழைக்காடுகளில் வளர்வது. அதைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தாலும் நாங்கள் வாங்க மாட்டோம். கேட்டு வருபவர்களும் உண்டு, அதனால்தான் சொல்கிறோம்.

ரோசாவும் முழுக்க ரோசா அல்ல. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 4,000 கிலோ இதழ் வேண்டும், அதுவும் வெயில் ஏறுமுன் பறித்தது. எங்கள் விலைக்கு அது கட்டாது. கொஞ்சம் நல்ல ரோசா எண்ணெய், மிச்சத்துக்கு ஜெரேனியம் இலை எண்ணெய். அசல் ரோசா என்று எழுதி விற்க மனம் வரவில்லை.

கஸ்தூரி மானிலிருந்து வந்ததா என்று பலர் கேட்டீர்கள். இல்லை. ஆண் மானின் வயிற்றடிப் பைக்காக அந்த மான்களைக் கொன்று குவித்த காலம் ஒன்று இருந்தது. நாங்கள் சேர்ப்பது செயற்கைக் கஸ்தூரி. 1888இல் அல்பேர்ட் பவுர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் புதிய வெடிமருந்து தேடப்போய்த் தற்செயலாகக் கஸ்தூரி மணமுள்ள பொருளைக் கண்டார். செயற்கைக் கஸ்தூரியின் கதை அங்கே தொடங்கியது. வெடிமருந்து மணம் தெரிந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். இன்று பாவிப்பவை வேறு வகை.

நெடுங்கேணியிலிருந்து பஸ்ஸில் வந்த அக்கா ஒருவர், இதில் கஸ்தூரியே இல்லை என்று சண்டைக்கு வந்தார். தனிக் கஸ்தூரியை அவர் மணிக்கட்டில் தடவினோம். மணந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வாசலில் நின்ற மகள், "அம்மா, இங்க வரைக்கும் வருது" என்றாள். சிலருக்குச் சில கஸ்தூரி வகைகள் மூக்கில் ஏறாது. அது வருத்தம் ஒன்றும் இல்லை, பிறப்பு அப்படி. அவருக்கு வேறு வகைக் கஸ்தூரி போட்டுக் கலந்து கொடுத்தோம். உங்களுக்கும் அப்படி இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், இதில் மதுசாரம் இல்லை, எண்ணெய்தான். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தயங்காமல் பூசலாம். காதுக்குப் பின்னால் ஒரு தொடுகை போதும். வெள்ளை வேட்டியில் பட்டால் கறை போகாது.

புதிய கலவை இப்போது பின்னறை இருட்டில் ஊறுகிறது. மாற்ற வருபவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் தவிர மற்ற நேரங்களில் வாருங்கள். வெள்ளி மதியம் கடை பூட்டியிருக்கும்.