ரேஞ்சை விடுங்கள், பிளக் பாயிண்ட் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

எலக்ட்ரிக் கார் என்றாலே எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதுதான். நீங்கள் வெளியிடும் கட்டுரைகளும் அதைச் சுற்றியேதான் வருகின்றன. ஒரு வருடமாக 24 யூனிட் பேட்டரி உள்ள சின்ன கார் ஓட்டுகிறேன், அதனால் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் 300க்கு மேல் என்றார்கள். ஏசி போட்டு நான்கு வழிச்சாலையில் ஓட்டினால் 180தான், அதை நம்பித்தான் கிளம்ப வேண்டும். எனக்கு அது போதும். வேலைக்குத் தருமபுரியிலிருந்து பாலக்கோடு போய் வர 50 கிலோமீட்டருக்குள். எப்போதாவது சேலம், அதுவும் போகும்போது தொப்பூர் கணவாயில் இறக்கம், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்ட் திரும்பி ஏறும், வரும்போது அதே ஏற்றம் அதை வட்டியோடு வாங்கிக்கொள்ளும். அப்படியும் வீடு வந்து சேரும்போது கால் பங்கு மிச்சம் இருக்கும். ஓசூர் பக்கம்தான் யோசிப்பேன், வழி நெடுக மேடு.

சரி, செலவு. 15 ஆம்ப் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும், அன்றாட ஓட்டத்துக்கு ராத்திரி இரண்டரை மணி நேரம் போதும். ஆனால் கரண்ட் பில்லில் ஒரு சங்கதி இருக்கிறது, ஷோரூமில் யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் ஓடிய வீட்டில் இப்போது காருக்கு மட்டும் 280 யூனிட். 500ஐத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் ஏறுவதில்லை, 101லிருந்து 200 வரையான யூனிட்டுக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. முதல் பில்லைப் பார்த்துவிட்டு என் மனைவி மீட்டரில் கோளாறு என்றே முடிவு கட்டிவிட்டாள்! பில் 2,000 ரூபாய்க்கு மேல் கூடியது உண்மை, ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ஓட்டிய 2,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் போட்டிருந்தால் 12,000 ரூபாய்க்குக் குறைந்திருக்காது, ஆகவே எனக்கு லாபம்தான். மின்வாரியம் வீட்டில் ஏற்றும் கார் கரண்டைத் தனியாகக் கணக்கிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

இவ்வளவும் சொந்த வீடு, வாசலில் கார் நிறுத்த இடம், நல்ல எர்த் உள்ள ஒயரிங் இருப்பதால்தான். வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? காரிமங்கலத்தில் என் தம்பி மாடி வீட்டில் குடியிருக்கிறான், கார் நிற்பது தெருவில். கீழே ஒரு பிளக் பாயிண்ட் தன் செலவில் போட்டு, தனி மீட்டர் வைத்துக் காசு கொடுக்கிறேன் என்று கேட்டும், ஒயர் சூடாகும், வேண்டாம்ப்பா என்று வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, பழைய ஒயரிங். அதற்குள் தம்பி கார் வாங்கிவிட்டான் என்பதுதான் வேடிக்கை.

இப்போது ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறான். அண்ணன் மேல் பாசம் என்று அம்மா சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தருமபுரி