வீடு பார்க்கும் மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. கச்சான் காற்றில் முற்றத்து முருங்கை முறிந்து பக்கத்து வேலியில் விழுந்தது. நல்லவேளை, அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உன் அழைப்பு வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. நீங்கள் கொழும்பிலிருந்து இங்கே மாறி வர வீடு பார்ப்பது பற்றித்தான் எழுதுகிறேன்.

மருமகன் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கிட்ட, வந்தாறுமூலையில் ஒரு வாடகை வீட்டின் படங்களை வாங்கியிருக்கிறார் என்று தரகர் சொன்னார். இந்த ஊரில் என்னிடம் படிக்காத தரகர் யார்? நீ சொல்லியிருந்தால் நானே போய்ப் பார்த்திருப்பேன்.

படத்தைப் பார்த்து முற்பணம் கொடுக்காதே. ஆவணியில் பார்த்தால் மட்டக்களப்பில் எல்லா வீடும் அரண்மனைதான். கார்த்திகை மழையில் பார்க்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது என்பாய். அப்படியானால் கதவு நிலையின் அடியைப் பார். சுவருக்குப் புதுச் சாயம் பூசலாம். தண்ணீரில் ஊறிக் கறுத்த நிலைக்காலை எதைப் பூசியும் மறைக்க முடியாது. அலுமாரியின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்திருக்கிறார்களா என்று பார். வைத்திருந்தால் விலை பேசாமல் திரும்பி வா. 2011 தை மாத வெள்ளத்தை நீ கொழும்பில் தொலைக்காட்சியில் பார்த்தாய். வயலை நிரப்பி விற்ற காணிகளில் இப்போது மாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன. வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகுதான் அந்த வீட்டுக்காரர்களுக்குத் தங்கள் முற்றம் கண்ணில் படும்.

அடுத்தது தண்ணீர். உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் வருகிறதா, கிணறுதானா என்று கேள். கிணறு என்றால் மலசலகூடக் குழி எங்கே என்று உன் கண்ணால் பார். 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரை முழுவதும் மணல், இந்தக் குழியில் ஊற்றுவது அந்தக் கிணற்றில் ஊறும். நம் பக்கத்திலும் வளவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு குழி வெட்டிவிட்டார்கள். பெரியவர்களுக்கு வயிறு பழகிவிடும். குட்டிக்குப் பழகாது.

பாடசாலை விடயத்தையும் மறக்காதே. முதலாம் வகுப்புக்கு ஜனவரி 31 இல் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், எனவே குட்டிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. ஆனால் கிட்ட இருப்பவர்களுக்குப் புள்ளி போடும்போது வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இன்று வாடகைக்கு வந்து நாளைக்கு விண்ணப்பித்தால் என்ன கிடைக்கும்? நீ வங்கியில் எத்தனை பேரின் கடன் விண்ணப்பத்தைப் படிக்கிறாய், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் அத்தனை பேருக்கு மேலே அதிகாரியாக இருக்கிறாள் என் மகள் என்று பாலத்தடியில் நான் சொல்லாத ஆள் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு வீட்டைப் படத்தில் பார்த்து எடுப்பாளா?

வந்தாறுமூலையிலிருந்து மட்டக்களப்பு நகரில் உன் வங்கிக் கிளைக்கு 16 கிலோமீற்றராவது வரும். மருமகனுக்கு நடந்து போகும் தூரம், உனக்குக் காலையும் மாலையும் பஸ். இது யாருடைய வசதிக்கு எடுக்கும் வீடு என்று நான் கேட்கவில்லை. வந்தாறுமூலை என்றவுடன் எனக்கும் அம்மாவுக்கும் முதலில் நினைவு வருவது வேறு, 1990 இல் அந்த வளாகத்து அகதி முகாமிலிருந்து பிடித்துப்போய்த் திரும்பாதவர்கள். அது உங்களுக்கு வேண்டாம்.

கல்லடி வீட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இது என் வீடும் அல்ல. அம்மாவின் சீதனம், இதில் ஒரு ஓடுகூட எனக்குச் சொந்தமில்லை. உன் கல்யாணத்தின்போது வீட்டை உன் பெயருக்கு உறுதி எழுத நொத்தாரிசைக் கூட்டி வந்தேன். ‘எனக்கு வீடு வேண்டாம் அப்பா’ என்று அவர் முன்னாலேயே சொன்னாய். பெண்ணுக்கு வீடு கொடுக்காதவன் என்று ஊர் என்னைப் பார்த்த பார்வை உனக்குத் தெரியாது. குறையும் இருக்கிறது இந்த வீட்டில், மறைக்கவில்லை. 2004 இல் கடல் ஏறி நின்ற கோடு முன் அறைச் சுவரில் இருக்கிறது, அதன்மேல் சாயம் பூச அம்மா விடமாட்டாள். நம் கல்லடித் திருச்செந்தூர் கோயிலின் சரிந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு, இங்கே யார் பிள்ளை வளர்ப்பார்கள் என்று மருமகன் கேட்டார். கேட்டதில் தப்பில்லை.

ஆனாலும் இங்கிருந்து பாலத்தைத் தாண்டினால் போதனா வைத்தியசாலை. குட்டிக்கு மூச்சு இழுப்பு இருக்கிறது என்பதை மறக்காதே. இரவில் வந்தால்? இப்போது 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது. போன மாதம் எதிர்வீட்டு அம்மாவை அப்படித்தான் கொண்டுபோனார்கள். நல்ல காரியம். ஆனால் வேறு எண்ணே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? அந்த எண்ணைச் சொல்லி உதவி கேட்க எனக்கு வாய் வராது.

இவ்வளவும் எழுதிவிட்டேன். சொல்ல வந்ததை இன்னும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய், ‘முதலில் நாங்கள் இருவரும் வருகிறோம், எல்லாம் ஒழுங்கான பிறகு ஆறு மாதத்தில் குட்டியைக் கூட்டி வருகிறோம், அதுவரை சம்பந்தியம்மாவுடன் இருக்கட்டும்’ என்று. பிள்ளையை விட்டுவிட்டா வருகிறாய் என்று கேட்டேன். ‘நீங்களா அப்பா இதைக் கேட்கிறீர்கள்?’ என்றாய். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டாய்.

நானும் ஆறு மாதம் என்றுதான் சொன்னேன். 1991 தையில் உன்னைக் கொழும்பில் வெள்ளவத்தை மாமியிடம் விட்டபோது உனக்கு ஆறு வயது. அது ஐந்து வருடமும் நான்கு மாதமும் ஆனது. நிலைமை அப்படி என்று எல்லோருக்கும் சொன்னேன், அது பொய்யில்லை. எந்த ஊர் பத்திரம் என்று பார்த்தேன், எந்தப் பாடசாலை என்று பார்த்தேன், வெள்ளவத்தையில் குழாய்நீர் எப்போது வரும் என்றுகூட விசாரித்தேன். அந்த வீட்டில் இரவு உன் பக்கத்தில் யார் படுப்பார்கள் என்று நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. அம்மா கேட்டாள். அவளை அதட்டினேன்.

நேற்று உறுதியைத் தேடி அலுமாரியைக் கிளறியபோது உன் பழைய கடிதக் கட்டு கிடைத்தது. எட்டு வயதில் எழுதியது ஒன்று. ‘அப்பா எப்போது வந்து என்னை கூட்டி போவீர்கள்’ என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும். சிவப்புப் பேனாவால் ஒரு ‘க்’ உம் ஒரு ‘ப்’ உம் போட்டு, பத்து முறை எழுதி அனுப்பு என்று திருப்பி அனுப்பினேன். நீயும் எழுதினாய். கோடு போட்ட தாளில், ஒன்று முதல் பத்து வரை இலக்கமிட்டு, ‘என்னைக் கூட்டிப் போவீர்கள்.’ பத்திலும் பிழையில்லை. அடியில் நான் ‘நன்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன். 34 வருடம் படிப்பித்தேன், இப்படி ஒரு தாளை வேறு எந்தப் பிள்ளையிடமும் வாங்கவில்லை. நீ கேட்ட கேள்விக்கு அன்றும் பதில் எழுதவில்லை.

அந்தத் தாளை அம்மாவிடம் காட்டவில்லை.

மகள், நீ வந்தாறுமூலையிலேயே எடு, செங்கலடியில் எடு, ஏறாவூரில் எடு. எங்கே எடுத்தாலும் குட்டியைக் கூட்டிக்கொண்டு வா. சாமான் வராவிட்டால் பாயில் படுக்கட்டும். காலையில் முதல் பஸ்ஸில் நான் வருவேன். நீங்கள் வேலையால் திரும்பும் வரை இருப்பேன், பிறகு வந்துவிடுவேன். உன் வீட்டில் தங்கமாட்டேன், ஆலோசனையும் சொல்லமாட்டேன். நிலைக்காலை மட்டும் பார்த்துவிடு.

இங்கே கிணற்றுக்குக் கம்பி மூடி செய்யக் கொடுத்திருக்கிறேன். முருங்கைச் சருகு விழாமல் இருப்பதற்குத்தான், வேறு ஒன்றும் இல்லை. கிணற்றுக் கட்டின் உயரம் 2 அடி 8 அங்குலம். குட்டி இப்போது எத்தனை அடி உயரம்? அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா