பத்தே நிமிடங்களில் முதுமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் நாளை முன்னிட்டு எங்கள் இல்லத்துக்கு வந்த கல்லூரி மாணவர்களைப் பற்றிய செய்தி, தங்கள் நாளிதழின் அக்டோபர் 3ஆம் தேதி கோவைப் பதிப்பில் படத்துடன் வெளியாகியிருந்தது. மூக்குக் கண்ணாடியில் வாஸ்லின் களிம்பைத் தடவி, காதில் பஞ்சை அடைத்து, கணுக்காலில் மணல் பை கட்டிக்கொண்டு எங்கள் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்த அந்தப் பிள்ளைகள் ‘பத்தே நிமிடங்களில் முதுமையை உணர்ந்தனர்’ என்று தங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். எனக்கு அதற்கு 76 ஆண்டுகள் ஆயின. என் மந்த புத்தியை நொந்துகொண்டேன்.

மாணவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. கண் மங்கலும் காது மந்தமும்தான் முதுமை என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மீதும், அதை அப்படியே அச்சேற்றிய தங்கள் மீதும்தான் வருத்தம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் 1978ஆம் ஆண்டிலேயே முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது தாங்கள் அறியாததன்று. மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் படிக்கும் பாடத்தை ஒரு டப்பா வாஸ்லினில் முடித்துவிட்டார்கள்.

அன்று நடந்ததில் செய்தியில் வராததைச் சொல்கிறேன். எங்களில் பாதிப் பேருக்குமேல் சர்க்கரை நோய். வந்ததோ கிரீம் கேக். இரண்டு கைகளும் நன்றாக இருக்கும் எனக்கு ஒரு மாணவி ஊட்டிவிட்டார். கேமரா தயாராகாததால் இரண்டாம் முறையும் ஊட்டிவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்து தேறிய அம்மையாரை மியூசிக்கல் சேர் ஆட அழைத்தார்கள். எல்லோரும் என் காதருகே வந்து ‘தாத்தா, சாப்பிட்டீங்களா?’ என்று கத்தினார்கள். 1968இல் தந்தி அலுவலகத்தில் சேர்ந்து, இருபதாண்டுகளுக்கும் மேலாக, எழுத்துகளைத் தட்டொலிகளாக அனுப்பும் மோர்ஸ் ஒலியைக் காதால் கேட்டுக் கையால் எழுதியவன் நான். இந்தக் காதை வைத்துத்தான் சோறு தின்றேன். அது இன்றும் நன்றாகவே கேட்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டு, காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. ‘நானல்ல, நீ’ என்பது அதன் கொள்கை. கோனார்க் சக்கரம் பொறித்த அந்தச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தவர்கள், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் பின்னணியில் இருந்தோம். தங்கள் படக்குறிப்பும் அதே கொள்கையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. முதல்வர், சிறப்பு விருந்தினர், திட்ட அலுவலர் ஆகியோருக்குப் பட்டங்களுடன் பெயர் இருக்கிறது. எங்களுக்கு ‘முதியோர்’ என்ற ஒற்றைச் சொல். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது நான் எழுதிய கடிதத்தை நான்கு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள். அப்போதாவது பெயர் வந்தது. எழுத்தின் அளவை ஏன் குறைத்தீர்கள் என்று போன ஆண்டு எழுதியதற்குப் பதிலே இல்லை. எங்கள் முதுமையைத் தங்கள் நிருபர் உணர்ந்துகொண்டால் மட்டும் போதாது. உணர்ந்ததை எழுதும்போது நாங்கள் படிக்கும் அளவிலும் அச்சிட வேண்டாமா?

விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாற்பது பேரில் ஒரு பையன் மட்டும் பஞ்சைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டான். தந்தி என்றதும், அது நாளிதழின் பெயர்தானே என்றான். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, கரண்டிக் காம்பால் அவன் பெயரைத் தட்டிக் காட்டினேன். கரண்டியை வாங்கித் திருப்பித் தட்டினான். இரண்டு எழுத்து பிழை. இன்னொரு முறை தட்டினான். ஓர் எழுத்து பிழை. சாவுச் செய்தி வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டான். ஓய்வுபெற்ற பின் இத்தனை ஆண்டுகளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நான் வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள், குழுப்படத்துக்கு. ‘அடுத்த வாரம் வர்றேன் தாத்தா, மீதிய சொல்லுங்க’ என்று போனான்.

சொன்னபடி வந்தான், ஆசிரியர் அவர்களே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாயிற்கதவு வரை வந்தவனை, கல்லூரியின் கடிதம் இல்லை என்று காவலாளி திருப்பி அனுப்பிவிட்டார். கல்லூரியிலோ, நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டு என்ற கணக்கில் தனியாக வருவதைச் சேர்க்க இயலாது என்றார்களாம். நாற்பது பேர் சேர்ந்து வந்தால் தொண்டு. ஒருவன் தனியாக வந்தால் அத்துமீறல். இல்லத்தின் பாதுகாப்பைக் குறை சொல்லவில்லை. யாரையும் உள்ளே விட்டுவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் முதியோருடன் பழகக் கற்றுக்கொடுக்கிறோம் என்று மேடையில் பேசுகிறவர்கள், பழக வந்த ஒரே பையனுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

தங்கள் நிருபருக்கு அந்தத் திட்ட அலுவலரைத் தெரியும். இரண்டு வரியில் ஓர் அனுமதிக் கடிதம் தரச் சொன்னால் போதும். கேக்கும் பேனரும் வேண்டாம். அன்று கூடத்தின் உத்தரத்தில் டேப் போட்டு ஒட்டிய பலூன்கள் காற்றிறங்கி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஸ்டூலில் ஏற எங்களுக்கு அனுமதியில்லை. அந்தப் பையன் நல்ல உயரம்.

இப்படிக்கு,
படத்தில் இடமிருந்து மூன்றாவது முதியோர்,
கோவை.