மூலை இடைவெளிக்கு மக்கு தீர்வல்ல

ஆசிரியருக்கு,

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சமையலறையில் அலமாரி செய்யும்போது, மேல்விளிம்புத் தேக்கு பீடிங்கை (விளிம்பில் ஒட்டும் மெல்லிய மரப்பட்டையை) எல்லா மூலைக்கும் 45 பாகையிலேயே அறுத்துவிடுகிறார்கள். பழஞ்சுவரை ஒட்டிச் செய்த அலமாரியின் மூலை சரியாக 90 இருப்பது அரிது, அதனால் துண்டுகள் சேருமிடத்தில் இடைவெளி விழுகிறது. 92 இருந்தால், ஒவ்வொரு துண்டின் முனையும் 46 பாகை இருக்க வேண்டும். அறுக்கும் மெஷினின் அளவுகோல் நேர்வெட்டைச் சுழியமாக வைத்து எண்ணுவதால், அதில் அது 44 (90-இல் 46 போக). முதலில் கழிவுத் துண்டுகளில் வெட்டி, மூலையில் சேர்த்துப் பாருங்கள். பிறகு நல்ல மரத்தை 2 மி.மீ. கூடுதலாக அறுத்து, இழைத்துக் குறையுங்கள்.

இடைவெளியை மக்கு (ஓட்டை அடைக்கும் பசைக்கலவை) வைத்து அடைப்பது வீண். அடுப்பின் ஆவியில் மரம் குறுக்குவாக்கில் விரிந்து சுருங்கும், மக்கு உதிரும். வெட்டுமுகம் பசையை உறிஞ்சும். ஆகவே மெல்லியதாக ஒருமுறை பூசி, சில நிமிடம் விட்டு, மறுபடி பூசி ஒட்ட வேண்டும். தேக்கு முனையில் நேரடியாக ஆணி அடித்தால் பிளக்கும். ஆணியைவிடச் சற்றே மெல்லிய துளை போட்டுக்கொள்வது அவசியம்.

பாலிஷைப் பின்பக்கமும் அடியுங்கள், தெரியாத இடம்தானே என்று விட்டால் அந்தப் பக்கம் ஈரம் ஏறி பீடிங் வளையும். பீடிங்கை அலமாரியோடு மட்டும் பிணையுங்கள். சுவரோடு சேர்த்து அடிக்க வேண்டாம்.

– வாசகர், காரைக்குடி