"மருந்து நிறுத்தலாம்" என்று எழுதும் முன் காலை ஒருக்கால் பாருங்கள்

வட மாகாணத்தில் கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கம். இடது காலில் இரத்தம் கட்டி வாட்டில் கிடந்தவள் நான். இரத்தம் கட்டாமலிருக்கத் தரும் வோபரின் மருந்தை ஆறு மாதம் குடித்தேன். கடைசி நாள் கிளினிக் கொப்பியில் "மருந்து நிறுத்தலாம்" என்று எழுதித் தந்தார்கள். சேலையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லிக் காலைப் பார்க்கவில்லை. பின்னால் கியூ வாசல்வரை நின்றது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போதே பின்னேரங்களில் செருப்பு வார் புறங்காலில் பதிந்து கிடக்கும். முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற கால், வயசும் போகுது என்று விட்டுவிட்டேன். ஒன்றரை வருடத்தில் கணுக்காலின் உட்பக்கம் கறுத்துத் தடித்தது. கிரந்தி என்று பக்கத்து வீட்டு அக்கா எண்ணெய் தந்தார். சொறிந்த இடம் புண்ணாகி ஏழு மாதம் கட்டுப் போட்டேன்.

இதற்கு போஸ்ட் த்ரொம்பொட்டிக் சின்ட்ரோம் என்று பெயராம். வோபரின் இரத்தக் கட்டியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் தடுக்கிறது; கரைப்பது உடம்பின் வேலை. அதற்குள் நாளத்தின் வால்வுகள் பழுதாகிவிட்டால், மேலே ஏற வேண்டிய இரத்தம் காலிலேயே தேங்குகிறது. ஆழ்நாளத்தில் கட்டியவர்களில் 100க்கு 20 முதல் 50 பேருக்கு இது வருகிறது, பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள். இவ்வளவு பேருக்கு வருவதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம்.

யாருக்கு வரும் என்று அச்சொட்டாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் கட்டி இடுப்புப் பக்க நாளம் வரை ஏறியவர், அதே காலில் முன்பும் கட்டியவர், உடம்பு பருத்தவர், ஒரு மாதம் கழிந்தும் வீக்கமும் நோவும் வடியாதவர், வோபரின் போதுமான அளவு வேலை செய்கிறதா என்று காட்டும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை முதல் மூன்று மாதத்தில் அடிக்கடி 2க்குக் கீழே போனவர் ஆகியோருக்கு அபாயம் கூட. எனக்கு இதில் மூன்று பொருந்தும். மூன்றும் என் கொப்பியிலேயே இருந்தன.

காலுறை தந்தால் போதும் என்று நினைக்கவும் வேண்டாம். 2014இல் வெளியான ஆய்வில் கனடாவிலும் அமெரிக்காவிலும் 806 பேரை 2 வருடம் பார்த்தார்கள். இறுக்கக் காலுறை இந்த நோயைத் தடுக்கவில்லை. வந்த வீக்கத்துக்குச் சுகம் தரும், அவ்வளவுதான். நம் சித்திரை வெயிலில் அதைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நான் கேட்பது விலை கூடிய ஸ்கான் அல்ல. இந்த நோய் இருக்கிறதா, எவ்வளவு கடுமை என்று புள்ளி போட்டுப் பார்க்கும் வில்லால்டா அளவுகோல் ஒரு தாளில் அடங்கும். நோவு, பிடிப்பு, கனம், விறைப்பு, கடி (அரிப்பு) ஆகிய ஐந்தையும் நோயாளியிடம் கேட்க வேண்டும். வீக்கம், தோல் தடிப்பு, கறுப்பு, சிவப்பு, புடைத்த நாளம், கெண்டையை அமுக்கினால் நோவு ஆகிய ஆறையும் நீங்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 5 வந்தால் நோய் இருக்கிறது, 15 வந்தாலோ புண் இருந்தாலோ கடுமை. மருந்தை நிறுத்தும் நாளில் ஒருதரம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருதரம் 2 வருடத்துக்குப் போட்டுக் கொப்பியில் எழுதுங்கள். 1978இலிருந்து மருத்துவ பீடம் உள்ள ஊர் நம் யாழ்ப்பாணம். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் நம் சனத்தில் யாருக்கு வருகிறது என்று மாணவர்களே கணக்குப் பார்க்கலாம்.

அடுத்த கிளினிக்குக்கு அந்த ஐந்து கேள்விக்கும் மறுமொழியை நானே எழுதிக்கொண்டு வருகிறேன். காலை அமுக்கிப் பார்க்கிற வேலை மட்டும் உங்களுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
கோப்பாய்.