மட்டக்கோடு ஏன் மேலே ஏறுகிறது

கொழும்பு 06

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்றதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே தென்மேல் பருவமழை பிடித்துவிட்டது.

தொட்டி நீரின்மேல் ஒரு மூலக்கூறு தடிப்பில் பரப்பிய டிபிபிசி (DPPC) என்ற இலிப்பிட்டின், அதாவது கொழுப்புவகைப் பொருளின், படலத்தைத் தடுப்பால் நெருக்கி அமுக்கம்-பரப்பளவு வளையி வரைகிறாய். அதில் அமுக்கம் ஏறாமல் கிடையாக நிற்கும் பகுதியான மட்டக்கோடு 5 மில்லிநியூட்டன்/மீற்றரில் வராமல் 12 இல் வருகிறதென்று மாதிரியைச் சந்தேகிக்கிறாய். எறிந்துவிடாதே. நூல்களில் காணும் அந்த 5, ஏறத்தாழ 20 பாகைக்கு உரியது. உன் தொட்டி நீர் 29, 30 பாகை இருக்கும். சூடு ஏற ஏற இலிப்பிட்டு மூலக்கூறின் காபன் வால்கள் கூடுதலாக நெளியும். நிமிர்த்தி அடுக்க அதிக அமுக்கம் வேண்டும். தேங்காய் எண்ணெய் கொழும்பில் ஓடும், நுவரெலியாவில் போத்தலுக்குள் உறையும், அது போலத்தான். வாலில் 16 காபன் உள்ள டிபிபிசிக்கு 30 பாகையில் மட்டக்கோடு உண்டு. 14 காபன் உள்ள டிஎம்பிசி (DMPC) என்ற இலிப்பிட்டுக்கு அதே சூட்டில் கிடையாது.

இலிப்பிட்டைக் கரைத்த குளோரோபோம் ஆவியாகிக் கரைசல் செறிந்திருந்தால் வளையி வலப்பக்கம் நகரும், மட்டக்கோட்டின் உயரம் மாறாது. உயரமே மாறினால் முதலில் வெப்பமானியைப் பார். அதுவும் தொட்டியின் சூட்டைப் பேணும் சுற்றுநீர்க் கருவியின் திரையில் அல்ல, தொட்டி நீருக்குள்.

அமுக்கம் என்பது வெறும் நீரின் மேற்பரப்பிழுவிசையைப் படலம் எவ்வளவு குறைக்கிறது என்பதே. அதற்குப் பூச்சியம் வைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வெறும் நீரின் மேற்பரப்பிழுவிசை 25 பாகையில் 72.0 மில்லிநியூட்டன்/மீற்றர், 30 இல் 71.2. 25 இல் பூச்சியம் வைத்துவிட்டுச் சூடாக்கினால், ஒரு துளி இலிப்பிட்டு இல்லாமலே 0.8 காட்டும். வெப்பநிலை அசையாமல் நின்றபிறகே பூச்சியம், அதன்பிறகே பரப்பல். 240 சதுர செ.மீ. தொட்டியில் மூலக்கூறுக்கு 100 சதுர ஆங்ஸ்ட்ரமில் (ஓர் ஆங்ஸ்ட்ரம் மீற்றரின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு) தொடங்க, 1 மி.கி./மி.லீ. கரைசலில் 29 மைக்ரோலீற்றர் போதும். சிறுதுளிகளாக விட்டுப் பத்து நிமிடம் பொறு.

சூட்டில் நீர்மட்டமும் இறங்கும். அமுக்கத்தை அளக்க நீரில் தொங்கும் 10 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. தடிப்புள்ள தாள் தகட்டில் மட்டம் 1 மி.மீ. இறங்கினால் மேலுதைப்புக் குறைந்து, அமுக்கம் 0.5 அளவு தாழ்வாகத் தெரியும். ஆகவே தொட்டியை மூடிவை, அளவீட்டை நீட்டிக்கொண்டு போகாதே.

20 பாகைக்குக் குளிர்விக்கப் போகிறாயா? இந்த மழைக்காற்றில் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 பாகையை ஒட்டி நிற்கும். தொட்டி விளிம்பிலும் தடுப்பின் அடியிலும் வியர்வைபோல நீர் முத்து முத்தாகக் கட்டும். ஒரு துளி சறுக்கி விழுந்தாலும் படலம் கலங்கும். மூடியறைக்குள் உலர்ந்த நைதரசனை மெதுவாக விட்டுச் செய்.

அடுத்த வளையியை வெப்பநிலை எழுதி அனுப்பு.

அன்புடன்,
ரவி