சனிக்கிழமை காகிதத் திமிங்கிலம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, சாட்ஸ்வொர்த்தில் நம் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் ஒரிகாமி திமிங்கிலம் மடிக்கிறார்கள். டர்பன் கடலோரமாகக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் போகும் பருவம் இது. அதனால்தான் இதை எடுத்தோம்.

1. ஆளுக்கு 3 தாள். ஏ4 தாளை 21 செ.மீ. சதுரமாக வெட்டிக் கொடுத்துவிடுங்கள். அட்டை வேண்டாம்.

2. வீட்டில் ஒருமுறை பழக்குங்கள்: மூலைக்கு மூலை மடித்துப் பிரித்து, ஒரு மூலையில் சேரும் இரண்டு ஓரங்களையும் அந்த நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால் பட்டம்போல வரும். அகன்ற பக்க முனையை உள்ளே மடித்து, நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். கூர்முனையை மேலே தூக்கினால் வால். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் வால் நிற்காது.

3. வால் நுனியைப் பிளக்கக் கத்தரிக்கோல் வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் இருங்கள். பாட்டிமார் வந்தால் ரொம்பச் சந்தோஷம்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பிள்ளையின் பெயரை இங்கே போடுங்கள்.